தெளிந்த நீரும் தூய நீரும்: சுங்கை சிப்புட் தோட்டங்களின் குடிநீர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தின் ரப்பர் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த தமிழர், நல்ல தண்ணீர்க் கிணறு, உப்புத் தண்ணீர்க் கிணறு என்று நீரை நாவால் தரம் பிரித்துப் பழகியவர்கள். மழை ஓயாத இந்நிலத்தில் நீர் உப்புக் கரிப்பது அரிதாகையால், அந்தப் பழைய அளவுகோல் இங்கே பயன்படவில்லை.

ஆற்று நீரில் வெள்ளீயச் சுரங்கங்கள் கழுவிவிட்ட மணலும் சேறும் கலந்தன. பாலை உறையவைக்க அமிலம் சேர்க்கும் ரப்பர் ஆலைகளின் கழிவும் ஓடைகளில் இறங்கியது. கிணற்று நீரோ செம்மண்ணின் இரும்பு கலந்து துருவாடை வீசுவதோடு, லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, அருகில் சுவர் கட்டாமல் தோண்டிய கிணறாயின், மழையில் அடித்துவரும் மலக்கழிவால் வயிற்றுக்கடுப்பையும் குடற்காய்ச்சலையும் பரப்பக்கூடியதாக இருந்தது. எஞ்சியது மலையோடை நீர். ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குன்றுகளின் நீர் கொதிகலத்தில் வெண்படிவம் விடும். கிழக்கே உள்ள கருங்கல் மலைத்தொடரின் நீரோ மென்னீர், குடிக்க இனிது, கண்ணுக்கும் பளிங்கு போன்றது.

அந்தப் பளிங்குத் தெளிவே பெருங்கேட்டுக்கும் இடமானது என்பதுதான் இவ்வரலாற்றின் கசப்பான பகுதி. கிள்ளான் பகுதியில் 1901 முதல் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன், சமவெளிக் காட்டை வெட்டி வடிகால் அமைத்தால் மலேரியா குறைவதையும், மலைப்பாங்கான தோட்டங்களில் அதே வழி பலிக்காததையும் கண்டார். மலைக்காட்டை அழித்ததும் வெயில் படும் தெளிந்த ஓடைகளிலும் ஊற்றுக் கசிவுகளிலும் அனோபிலிஸ் மாக்குலேட்டஸ் என்னும் கொசு பெருகியது. ஆகவே ஓடையை நிலத்தடிக் குழாயில் மூடுவதும், நீர்மேல் எண்ணெய் தெளிப்பதும் பரிகாரங்களாயின. எண்ணெய் தெளித்த ஓடையில் குடிக்க நீர் மொள்ள முடியாது. குடிநீரும் கொசு ஒழிப்பும் ஒரே ஓடைக்குப் போட்டியிட்ட நிலையில், மேட்டில் அணைகட்டி மூடிய குழாய்வழி லயத்துக்கு நீர் கொணர்வதே இரண்டுக்கும் பொருந்திய வழி. அதற்கோ துரைமார் பணம் செலவிட வேண்டியிருந்தது. நோயைக் கூலிகளின் அறியாமைமேல் ஏற்றிப் பேசுவது அதைவிட மலிவானது.

ரப்பர் ஆலைக் கழிவுக்கென விதிமுறைகள் 1978-இல்தான் வந்தன. தொழிலாளர் குடியிருப்புகளுக்கு இலவசக் குழாய் நீர் தருவதை முதலாளியின் கடமையாக 1990-ஆம் ஆண்டின் குடியிருப்புத் தரச் சட்டம் வகுத்தபோது, ரப்பர் மரங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட, தோட்டக் குடும்பங்கள் பல லயத்தைவிட்டு நகரங்களுக்குப் பெயர்ந்துகொண்டிருந்தன.