தலையெழுத்தும் மரபணு எழுத்தும்

மார்பிலே கட்டி கண்ட பெண்ணை நோக்கி, "எல்லாம் தலையெழுத்து" என்று கூறும் குரல் சல்லி போன்ற நம் கடற்கரைச் சிற்றூர்களில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. உண்மையான எழுத்தை விஞ்ஞானம் வாசித்த வரலாற்றை நாம் அறிதல் வேண்டும்.

1948இல் ஹாட்ச்கிஸ் என்பார் டி.என்.ஏ.யின் நான்கெழுத்துகளுள் ஒன்றான சைட்டோசினில் மெதில் என்னும் சிறு கூறு ஒட்டியிருக்கக் கண்டார். அவ்வொட்டு மரபணுவை இயங்காது அடக்கி வைக்கக்கூடும் என்ற கருத்து 1975இல் பிறந்தது. பி.ஆர்.சி.ஏ.1 என்னும் மரபணு 1994இல் பிரித்தறியப்பட்டது, டி.என்.ஏ.யின் முறிவுகளைச் செப்பனிட உதவும் காவலன் அது. சில மார்புப் புற்றுக்கட்டிகளில் அதன் எழுத்துகள் பழுதின்றியே உள்ளன. ஆயினும், அதன் தொடக்கப் பகுதியில் மெதில் செறிந்துவிட்டதால் காவலன் வாயடைத்துக் கிடக்கிறான்.

இவ்வடைப்பை நீக்கும் மருந்துகள் சில இரத்த நோய்களுக்குப் பயன்படுகின்றன. மார்புப் புற்றுக்கோ இன்னும் ஆய்விலேயே உள்ளன. எனவே, கட்டியைக் காலத்தே கண்டறிவதே இன்று நம் கையிலுள்ள பெருந்துணை. தீவின் மறுகரையிலுள்ள மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குச் செல்ல, பஸ் கட்டணத்தையும் இழக்கும் நாட்கூலியையும் எண்ணித் தயங்கும் ஏழைத் தாய்க்குத் துணிவு மட்டும் போதுமா? பரிசோதனை அவள் ஊருக்கே வருதல் வேண்டும். அதைக் கோருவது நம் கடமை.