யாருடைய மூச்சு அளவுகோல்?

நுரையீரல் பரிசோதனை அறிக்கையில் இரண்டு எண்கள் அருகருகே இருக்கும். ஒன்று நோயாளி ஊதிய காற்றின் அளவு. மற்றொன்று, அதே வயதும் உயரமும் பாலினமும் உள்ள ஆரோக்கியமான ஒருவர் ஊதக்கூடிய அளவு, அதாவது எதிர்பார்ப்பு அளவு. இந்த இரண்டாவது எண் எப்படி உருவானது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

மூச்சுக்காற்றை அளக்க 18ஆம் நூற்றாண்டிலேயே முயன்றிருக்கிறார்கள். ஆனால் பெருந்திரளான மக்களை அளந்து ஒப்பீட்டுக்கு அடித்தளமிட்டவர் ஆங்கில மருத்துவர் ஜான் ஹட்சின்சன். தண்ணீரில் கவிழ்த்த பாத்திரம் ஒன்று, ஊதிய காற்றால் மேலெழும். எழுந்த உயரமே அளவு. இதுதான் அவரது ஸ்பைரோமீட்டர். மாலுமிகள், காவலர்கள், தீயணைப்பு வீரர்கள், குத்துச்சண்டை வீரர்கள், ஏழைகள், கனவான்கள் என 2,130 பேரை அளந்து 1846இல் முடிவுகளை வெளியிட்டார். முழுமூச்சை இழுத்து முழுவதுமாக வெளிவிடும் அளவுக்கு 'உயிர்ப்புத்திறன்' என்று பெயரிட்டார். உயரம் ஓர் அங்குலம் கூடும்போது அது 8 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 130 மில்லிலிட்டர் கூடுவதைக் கண்டார். காசநோயை முன்கூட்டியே உணர்த்தும் கருவியாக இதைக் கருதினார். ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் இதைப் பரிந்துரைத்தார். கூர்மையான, நேர்மையான உழைப்பு அது.

அந்தக் கருவி அமெரிக்காவில் வேறு கைகளுக்குப் போனது. 1851இல் லூசியானா மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட், கறுப்பின மக்களின் நுரையீரல் கொள்ளளவு சுமார் 20 விழுக்காடு குறைவு என்றும், ஆகவே அடிமை உழைப்பு அவர்கள் உடலுக்கு நல்லது என்றும் எழுதினார். இது அறிவியல் அல்ல, அடிமைமுறைக்கான வக்காலத்து. உள்நாட்டுப் போருக்குப் பின் 1869இல் பெஞ்சமின் கூல்ட் வெளியிட்ட படைவீரர் அளவீட்டுத் தொகுப்பும் வெள்ளையர், கறுப்பர் எனப் பிரித்தே எண்களைத் தந்தது. அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் மீண்டவர்களின் உணவையும் உழைப்பையும் நோயையும் அது கணக்கில் கொள்ளவில்லை. எனினும் அந்த வேறுபாடு பிறவி இயல்பாகவே நூல்களில் நிலைத்தது.

1947இல் பிரான்சில் டிஃபனோவும் பினெல்லியும் முதல் நொடியில் வெளியேறும் காற்றை அளந்தனர். ஆஸ்துமா போன்ற அடைப்பு நோய்களைக் கண்டறிய இன்றும் அதுவே ஆதாரம். கருவி இப்படி முன்னேறியபோதும் பழைய பிரிவினை தொடர்ந்தது. 1978இல் அமெரிக்கப் பஞ்சுத்தூசி விதிமுறை, கறுப்பினத் தொழிலாளரின் எதிர்பார்ப்பு அளவை 0.85ஆல் பெருக்கச் சொன்னது. விளைவு எளிது: ஒரே அளவு மூச்சை ஊதும் இரு நெசவாலைத் தொழிலாளர்களில் வெள்ளையர் நோயாளியாகவும் கறுப்பர் நலமானவராகவும் பதிவாகலாம். இழப்பீடு யாருக்கு மறுக்கப்படும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எதிர்பார்ப்பு அளவைக் கணக்கிட 2012இல் வெளியான உலகளாவிய சமன்பாடுகளும் இனவாரியாகவே பிரிந்திருந்தன. அவற்றில் இந்தியத் துணைக்கண்டத்துக்குத் தனிச் சமன்பாடு இல்லை. 'மற்றவர்' என்ற பொதுத் தொகுதியே மிஞ்சியது. ஐரோப்பிய அளவில் 10 விழுக்காட்டைக் கழித்துக்கொள்ளும் வழக்கமும் நம் ஆய்வகங்களில் இருந்துவந்திருக்கிறது. 2023இல் அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் இனவேறுபாடற்ற சமன்பாட்டைப் பரிந்துரைத்தது. அதனாலும் எல்லாம் சீராகிவிடவில்லை. புதிய சமன்பாட்டால் நோயின் தீவிரம் கூடுதலாகப் பதிவாகும் ஒருவருக்கு இழப்பீடு கிடைக்கலாம். அதே எண்ணால் நுரையீரல் அறுவை சிகிச்சையோ தீயணைப்புப் பணியோ மறுக்கவும் படலாம். ஆகவே எந்தச் சமன்பாட்டைக் கொண்டு 'இயல்பு' கணக்கிடப்பட்டது என்ற விவரம் ஒவ்வொரு அறிக்கையிலும் தெளிவாக அச்சிடப்பட வேண்டும். விழுக்காட்டைப் பார்க்கும் முன் மருத்துவர் அதைப் படிக்க வேண்டும்.