கண்டாவளை வளவும் காவல் நாயும்

விசயனும் அவன் தோழர்களும் ஈழக்கரையில் இறங்கியபின் அவர்கள்முன் பெட்டை நாயொன்று தோன்றிற்று என்று மகாவம்சம் கூறுகின்றது. அரசகுமாரன் தடுத்தும் கேளாது தோழனொருவன் அதன் பின்னே சென்றான். ஊர் உள்ள இடத்திலேதான் நாய் இருக்கும் என்பது அவன் கண்ட நியாயம். நாய் வடிவில் வந்தவள் குவேனியைச் சேர்ந்த இயக்கி என்று கதை மேலே செல்கின்றது. கதையை நம்பாதவர்களும் அத்தோழனுடைய நியாயத்தை மறுக்கமாட்டார்கள். வன்னிக் காட்டில் வழிதப்பியவனுக்கு, தொலைவிலே கேட்கும் நாய்க்குரல் விளக்கொளியைப் போன்றது. அங்கே ஒரு வளவு உண்டு, வளவில் அடுப்பு உண்டு என்று அது சொல்லிவிடும்.

கிளிநொச்சி மாவட்டத்துக் கண்டாவளை அத்தகைய நிலத்தைச் சேர்ந்தது. கனகராயன் ஆறும் இரணைமடு நீரும் ஊட்டிய வயல்கள் ஒருபால். ஆனையிறவு, சுண்டிக்குளம் கடனீரேரிகளை நோக்கிச் செல்லும் உவர்நிலம் மறுபால். இங்கே ஒரு குடும்பம் நாயிடம் வேண்டுவன ஒன்றோடொன்று முரண்படுவன. வயலுக்கு வரும் பன்றியை அது அஞ்சாது எதிர்க்கவேண்டும். படலையைத் திறக்கும் அந்நியனைக் கண்டு குரைக்கவேண்டும். அதே நாய், முற்றத்தில் சோற்றுருண்டையைக் கையில் ஏந்தித் தள்ளாடும் குழந்தையின் அருகே அசையாது படுத்திருக்கவும் வேண்டும். இவற்றோடு பூனையின் வழக்கும் உண்டு. கமக்காரன் வீட்டிற் பூனை அழகுக்காக வளர்வதன்று. கொம்பறையில் நெல் இருந்தால் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். பாம்பு வரும் வீட்டிற் குழந்தை நிலத்திற் பாய்விரித்து உறங்கும். ஆகவே, பூனையைக் கொல்லும் நாய் எத்துணை வீரமுடையதாயினும், அந்த வீட்டுக்கு அது நட்டமே.

தமிழர் இவ்விரு விலங்குகளையும் நெடுங்காலம் அறிந்தவர்கள். நாயின் இளமைக்கும் பூனையின் இளமைக்கும் உரிய பெயர்களைத் தொல்காப்பியம் மரபியலிலே வகுத்துரைக்கின்றது. வேல் உடம்பிற் பாய்ந்திருக்கும்போதும் எறிந்த தலைவனைக் கண்டு வாலாட்டும் நாயை, நட்புக்கு உவமையாக்கியது நாலடியார். இவற்றினும் மேலான சான்று கல்லிலே உள்ளது. திருவண்ணாமலைப் பகுதியிலுள்ள எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று நிற்கின்றது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே, ஆநிரை கவரவந்தோருடன் பொருது இறந்த வீரனோடு, கள்ளர் இருவரைக் கடித்து நின்ற அவனுடைய நாயும் அக்கல்லில் இடம்பெற்றுள்ளது. அந்நாய்க்குக் கோவிவன் என்ற பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. அரசர் பலருடைய பெயர்களே மறைந்துபோன நாட்டில், ஒரு நாயின் பெயர் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்திருப்பது வியப்பே!

அத்தகைய வீர நாய்களின் வழிவந்தவையாகத் தென்பாண்டி நாட்டில் இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்னும் குலங்கள் போற்றப்படுகின்றன. இராசபாளையம் பன்றி வேட்டைக்குப் பெயர்பெற்றது. இந்திய அஞ்சற்றுறை 2005ஆம் ஆண்டில் அதற்கு முத்திரை வெளியிட்டுச் சிறப்பித்தது. சிப்பிப்பாறையும் கன்னியும் முயலை விரட்டிப் பிடிக்கும் ஒல்லியான வேட்டை நாய்கள். ஆனால் ஓடுகின்ற சிற்றுயிரைக் கண்டதும் பாயவேண்டும் என்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்ட நாய்க்கு, ஓடுவது முயல், ஓடுவது வீட்டுப் பூனை என்ற வேற்றுமையைக் கற்பிப்பது எளிதன்று. குலத்தின் பெருமை வேறு; வளவின் தேவை வேறு.

ஆங்கிலேயர் தம் நாட்டு நாய்களை ஈழத்துக்குக் கொணர்ந்தனர். 1904ஆம் ஆண்டு இறுதியிலே கொழும்பில் வந்திறங்கிய லெனார்ட் வூல்ஃப் என்னும் இளம் அதிகாரி, வால்தேயரின் நூற்றொகுதியோடு சார்ள்ஸ் என்ற கம்பிமயிர் நரிரெரியர் நாயையும் கொண்டுவந்தார். வடபகுதிப் புகையிரதப் பாதை அப்போது முற்றுப்பெறவில்லை. 1905 தொடக்கத்தில் அவர் அனுராதபுரத்துக்கு வடக்கே காட்டுவழியாக அஞ்சல் வண்டியிலே ஆனையிறவை அடைந்து, பின்னரே யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். நரியை வளையிலிருந்து வெளியே விரட்டுவதற்கு இங்கிலாந்திலே உருவாக்கப்பட்ட அந்தக் குலத்துக்கு, வன்னியின் வெயிலோடும் கொம்பறைப் பூனையோடும் என்ன உறவு இருந்திருக்க முடியும்? பின்னர் அல்சேசனும் பொமரேனியனும் நகர வீடுகளிற் புகுந்து, நாளடைவில் கிராமத்தவருடைய ஆசைக்கும் உரியன ஆயின.

நாயைத் தேர்வதற்கு முன்னே எண்ணவேண்டிய வேறொன்றும் உண்டு; அது நீர்வெறுப்பு நோய். இலங்கையில் 1893ஆம் ஆண்டிலே விசர்நாய்க்கடி பற்றியும், 1901ஆம் ஆண்டிலே நாய்களைப் பதிவுசெய்வது பற்றியும் கட்டளைச் சட்டங்கள் பிறந்தன. அவற்றுக்குப் பின்னரும் 1973ஆம் ஆண்டிலே 377 பேர் இந்நோயால் இறந்தனர். நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றும் முயற்சி பரவியதனால் அத்தொகை ஐம்பதுக்கும் கீழே இறங்கிற்று. சந்தேகத்துக்குரிய விலங்குகளாற் கடியுண்போரில் நூற்றுக்கு நாற்பதின்மர் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. எனவே குழந்தையுள்ள வீட்டிலே நாய்க்கும் பூனைக்கும் ஏற்றும் ஊசி, குலத்தை ஆராய்வதற்கு முந்திய கடமையாகின்றது.

குலம் என்ற எண்ணமே அண்மைக்காலத்தது. இலண்டனிலே 1873ஆம் ஆண்டிற் கெனல் கிளப் தோன்றி, நாய்களுக்கு வமிசாவளி எழுதத் தொடங்கிற்று. அதன்பின்னரே இந்தக் குலம் சாந்தமானது, அந்தக் குலம் கொடியது என்ற பேச்சு உறுதிபெற்றது. 2022ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் பதினெண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி உடையவர்களிடம் கேட்டறிந்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் மரபணுக்களையும் பரிசோதித்தனர். தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டிலே ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு மாத்திரமே குலத்தினால் விளங்குகின்றது என்று அவர்கள் கண்டனர். வேட்டைநாய் வேட்டைநாய்தான்; ஆயினும் ஒரு குட்டியின் குணத்தைக் குலப்பெயர் கொண்டு முழுதும் அறிந்துவிட இயலாது. ஸ்கொட், ஃபுல்லர் என்னும் இருவர் 1965ஆம் ஆண்டிலே வெளியிட்ட நூலோ இன்னும் பயன்தருவது. பிறந்த மூன்றாம் கிழமை தொடக்கம் பன்னிரண்டாம் கிழமை வரையிலே குட்டி எவற்றோடு பழகுகின்றதோ அவற்றையே தன் சுற்றமாகக் கொள்ளும் என்று அது காட்டிற்று.

இக்கணக்கை வைத்துப் பார்த்தால் ஊர்நாய் இகழத்தக்கதன்று. அது வெயிலுக்கும் உண்ணிக்கும் பழகியது. வீட்டில் மிஞ்சும் சோற்றோடும் மீன்தலையோடும் வாழ வல்லது. அயல்வளவிலே குட்டி ஈன்ற தாய்நாயைப் பார்த்து வரலாம். அந்நியர் அருகே வந்தால் அது என்ன செய்கின்றது, சிறுவர் குட்டியைத் தூக்கினால் எப்படி நோக்குகின்றது என்பவற்றைக் கண்ணாலே காணலாம். வமிசாவளிப் பத்திரத்திலே அது எழுதப்பட்டிருப்பதில்லை. எட்டாம் கிழமையளவிலே குட்டியைக் கொண்டுவந்து, பூனை உண்ணுமிடத்தை உயரத்தே அமைத்து, முதற் கிழமைகளில் இரண்டையும் ஒருவர் கண்காணிப்பிலே பழகவிட்டால், பெரும்பாலும் இரண்டும் ஒரே நிழலிற் படுத்துறங்கும். பூனைக்கு ஓடி ஏற ஓர் உயரமும், நாய்க்கு உண்ணும்போது குழந்தை தொந்தரவு செய்யாத ஒரு மூலையும் இருத்தல் வேண்டும். நாயைப் பழக்குவதோடு குழந்தையையும் பழக்கவேண்டியிருக்கின்றது. இதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

2009ஆம் ஆண்டு சனவரியிலே பரந்தன், கிளிநொச்சி மக்கள் கண்டாவளைப் பகுதியூடாகத் தருமபுரத்தையும் அதற்கு அப்பாலுள்ள இடங்களையும் நோக்கிச் சென்றனர். கண்டாவளை மக்களும் எழுந்து நடந்தனர். வண்டியிலும் தோளிலும் ஏற்றக்கூடியன ஏறின. நாய்கள் ஏறவில்லை. மெனிக் பாம் முகாமிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் அவர்கள் திரும்பத் தொடங்கியபோது, வளவுகளிலே பற்றை மண்டிக்கிடந்தது. வேலியும் இல்லை; படலையும் இல்லை. தறப்பாள் கொட்டிலிலே நெல்லும் குழந்தையும் அடுத்தடுத்துக் கிடக்க, எலியும் பாம்பும் முன்னதாகவே குடிபுகுந்திருந்தன. அக்காலத்திற் குலம் கேட்டு நாய் தேடியவர் எவர்? உறவினர் வீட்டிலே ஈன்ற குட்டியொன்றும், கடகத்தில் இட்டுக் கொணர்ந்த பூனைக்குட்டியொன்றும் ஒரே கொட்டிலில் வளர்ந்தன. இரவிலே அந்தக் குட்டி முதன்முறையாகக் குரைத்தபோது, அந்த வளவில் மீண்டும் குடியிருக்கிறார்கள் என்பது அயலுக்குத் தெரிந்தது.