கருணாநிதி உண்ணாவிரதம் (2009)

இலங்கையில் போர்நிறுத்தம் கோரி அன்றைய தமிழக முதலமைச்சர் மு. கருணாநிதி 2009 ஏப்ரல் 27 அன்று சென்னை அண்ணா நினைவிடத்தில் மேற்கொண்ட உண்ணாநோன்பு. அதிகாலையில் தொடங்கி நண்பகலில் முடிந்தது.

பெரும்போர் நடவடிக்கைகள் முடிந்தன, கனரகப் பீரங்கியும் வான்தாக்குதலும் இனி இல்லை என்ற இலங்கை அரசின் அறிவிப்பை மத்திய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் வழியாக அறிந்து அவர் நோன்பை முடித்தார். அவரது கட்சியான திமுக இந்த அறிவிப்பைப் போர்நிறுத்தமாகவே முன்வைத்தது. இது போர்நிறுத்தம் அன்று என இலங்கை அரசு மறுத்தது. உண்ணாநோன்பு மக்களவைத் தேர்தலுக்கான நாடகம் என்பது எதிர்க்கட்சியான அதிமுகவின் குற்றச்சாட்டு. நோக்கம் குறித்த சர்ச்சை தீரவில்லை. விளைவு குறித்து ஐயத்துக்கு இடமில்லை. அறிவிப்புக்குப் பின்னும் கனரக ஆயுதத் தாக்குதல் தொடர்ந்ததை ஐ.நா. வல்லுநர் குழுவின் 2011 அறிக்கை பதிவு செய்தது. மே 18இல் முள்ளிவாய்க்காலில் போர் முடியும்வரை பொதுமக்கள் பெருந்திரளாக மாண்டனர்.

அந்தத் தேர்தலின் மே 13 வாக்குப்பதிவில் திமுக கூட்டணி தமிழகத்தின் 39 தொகுதிகளில் 27ஐ வென்றது.