குவாதலூப்: கரும்பு, எரிமலை, ஒரு வங்கியின் மூலதனம்

கரீபியன் என்றால் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது கிரிக்கெட்தான். சோபர்ஸ், லாயிட், ரிச்சர்ட்ஸ், லாரா. அதனால் டிரினிடாட், ஜமைக்கா, ஆன்டிகுவா எல்லாம் நமக்குத் தெரிந்த பெயர்கள். அதே கடலில் கிரிக்கெட் ஆடாத தீவுகளும் இருக்கின்றன. பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்ததால் அவை நம் கண்ணில் படவில்லை. அவற்றில் ஒன்றுதான் குவாதலூப். ஆங்கிலத் தீவுகளைவிட இங்கே நமக்கு உறவு நெருக்கம். காரைக்காலிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் கப்பல் கப்பலாக ஆட்கள் போன தீவு இது.

போன வருடம் அங்கே போய்வர ஒரு வாய்ப்பு கிடைத்தது. என் மனைவிக்குச் சொந்த ஊர் காரைக்கால். மச்சினர் பாரிஸில் இருக்கிறார். அவர் வீட்டுக்குப் போனபோது, "எட்டு ஒன்பது மணி நேர விமானம்தான் மாப்பிள்ளை, உள்நாட்டு விமானம் மாதிரி" என்று கிளப்பிவிட்டார். அவருக்கு அது உள்நாட்டு விமானம்தான். 1946 முதல் குவாதலூப் பிரான்சின் ஒரு மாவட்டம். காசும் யூரோதான். நம் பாஸ்போர்ட்டுக்கு மட்டும் தனி விசா வேண்டும். ஷெங்கன் விசா அங்கே செல்லாது.

தீவின் அமைப்பு

வரைபடத்தில் பார்த்தால் சிறகு விரித்த பட்டாம்பூச்சி போல இருக்கும். உண்மையில் இரண்டு தீவுகள். நடுவே உப்பாறு என்று பொருள்படும் 'ரிவியேர் சாலே' என்ற ஒடுக்கமான கடல் கால்வாய். கிழக்குச் சிறகு கிராந்த்-தேர், சுண்ணாம்புப் பாறைச் சமவெளி, கரும்புக்காடு. மேற்குச் சிறகு பாஸ்-தேர், எரிமலையும் மழைக்காடும். 'கிராந்த்' என்றால் பெரிய, 'பாஸ்' என்றால் தாழ்ந்த. ஆனால் பெரியதும் உயர்ந்ததும் பாஸ்-தேர்தான். பாய்மரக் கப்பல்காரர்கள் காற்று அடங்கிய பக்கத்தைத் 'தாழ்ந்தது' என்று சொன்னதால் வந்த பெயர்.

எரிமலையின் பெயர் ல சூஃப்ரியேர், கந்தகமலை என்று சொல்லலாம். உயரம் 1467 மீட்டர். உச்சியில் இன்னும் கந்தகப் புகை வருகிறது. 1976-ல் அது குமுறியபோது 70,000-க்கும் மேற்பட்டவர்களை வீட்டைவிட்டுக் கிளப்பி மாதக்கணக்கில் வெளியே வைத்திருந்தார்கள். எதிர்பார்த்த பெரிய வெடிப்பு கடைசியில் வரவேயில்லை.

அந்த மலையின் கிழக்குச் சரிவில் கார்பே அருவி மூன்று கட்டமாக விழுகிறது. இரண்டாவது அருவி 110 மீட்டர். காட்டுப்பாதையில் சிறிது தூரம் நடந்தால் பார்த்துவிடலாம். குற்றாலத்தில் குளித்து வளர்ந்தவனுக்கு, தள்ளி நின்று பார்த்துவிட்டு வருவது கொஞ்சம் கஷ்டம்தான் :-)

1493 நவம்பர் 4-ஆம் தேதி, தன் இரண்டாம் பயணத்தில் கொலம்பஸ் இந்தக் கரைக்கு வந்தார். ஸ்பெயினில் இருந்த ஒரு மாதா மடத்தின் பெயரைத் தீவுக்கு வைத்தார். அதற்கு முன் இங்கே வாழ்ந்த கரீபியர்கள் வைத்த பெயர் 'கருக்கேரா'. 1635-ல் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறினார்கள். பிறகு கரும்பு வந்தது. கரும்போடு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகள்.

இரண்டு முறை ஒழிந்த அடிமைமுறை

பிரெஞ்சுப் புரட்சி அரசு 1794-ல் அடிமைமுறையை ஒழித்தது. எட்டு வருடம் கழித்து நெப்போலியன் படையனுப்பி அதைத் திரும்பக் கொண்டுவந்தார். எட்டு வருடம் சுதந்திரமாக இருந்தவனிடம் போய் நீ மறுபடியும் அடிமை என்றால் சும்மா இருப்பானா? லூயி தெல்கிரே என்ற கலப்பின ராணுவ அதிகாரி எதிர்த்து நின்றார். 1802 மே 28-ஆம் தேதி, மத்தூபா என்ற மலைப்பகுதியில் சுற்றிவளைக்கப்பட்டபோது, சரணடையாமல், சுமார் 300 பேரோடு வெடிமருந்துக்குத் தீவைத்து மாண்டார். பாஸ்-தேர் நகரத்தின் கோட்டைக்கு இன்று அவர் பெயர்தான்.

பெத்தி-கனால் என்ற ஊரில் துறைமுகத்திலிருந்து தேவாலயத்துக்கு ஏறும் பழைய கல்படிகள் இருக்கின்றன. காங்கோ, யொரூபா, இபோ என்று ஆப்பிரிக்க இனங்களின் பெயர்களைப் பலகையில் பொறித்து அங்கே வைத்திருக்கிறார்கள். மனிதர்களின் பெயர்கள் தெரியாததால் இனங்களின் பெயர்கள்.

கடைசியாக 1848-ல் அடிமைமுறை நிரந்தரமாக ஒழிந்தது. குவாதலூப்பில் மட்டும் 87,000-க்கும் மேற்பட்டவர்கள் விடுதலையானார்கள்.

இனி என் தொழில் சம்பந்தப்பட்ட கணக்கு

நான் பி.காம். படித்து இருபது வருடத்துக்கு மேல் வங்கியில் குப்பை கொட்டுகிறவன். வரலாற்றில் யார் யாருக்குப் பணம் கொடுத்தார்கள் என்று பார்ப்பது தொழில் வியாதி.

1849-ல் பிரெஞ்சு அரசு நஷ்ட ஈடு கொடுத்தது. அடிமைகளுக்கு அல்ல, அவர்களை 'இழந்த' முதலாளிகளுக்கு. குவாதலூப்பில் ஒரு ஆளுக்குச் சுமார் 470 பிராங்க் கணக்கு. பெரும்பகுதி ரொக்கமாக இல்லாமல் 5 சதவீத வட்டி அரசுப் பத்திரமாக வந்தது. அந்தப் பத்திரத்தில் எட்டில் ஒரு பங்கைப் பிடித்து வைத்து, 1851-ஆம் வருடச் சட்டப்படி குடியேற்ற நாடுகளில் வங்கிகளைத் தொடங்கினார்கள். குவாதலூப் வங்கி, மார்த்தினிக் வங்கி, ரீயூனியன் வங்கி ஒவ்வொன்றுக்கும் 30 லட்சம் பிராங்க் மூலதனம். நஷ்ட ஈடு வாங்கிய முதலாளிகளே பங்குதாரர்கள். நோட்டு வெளியிடும் உரிமையும் அந்த வங்கிகளுக்கு இருந்தது.

அந்த வங்கிகள் கொடுத்த முக்கியமான கடன் எது தெரியுமா? வயலில் நிற்கும் கரும்பை ஈடாக வைத்துக் கொடுக்கும் பயிர்க்கடன். நாம் இன்றும் கொடுப்பதுதான். பயிர்க்கடன் கொடுக்கிற எந்த மேலாளரும் கேட்கும் முதல் கேள்வி, இந்தப் பயிரை யார் வெட்டுவார்கள் என்பது. விடுதலையானவர்களில் பலர் பழைய தோட்டத்துக்குப் பழைய நிபந்தனையில் திரும்பத் தயாராக இல்லை. நியாயம்தானே. கடன் இருக்கிறது, ஆலை இருக்கிறது, வெட்ட ஆள் இல்லை. அதற்கான பதிலை நம் கரையில் தேடினார்கள்.

ஓரேலியின் வருகை

1853 மே மாதம் 'ஓரேலி' என்ற கப்பல் மார்த்தினிக்குக்கு முதல் இந்தியத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தது. அடுத்த வருடம், 1854 டிசம்பர் கடைசியில், அதே கப்பல் குவாதலூப்பின் புவாந்த்-ஆ-பீத்ர் துறைமுகத்துக்கு வந்தது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் சுமார் மூன்று மாதக் கடல். அதன்பிறகு 1889 வரை சுமார் 42,000 பேர் குவாதலூப்புக்குக் கொண்டுவரப்பட்டார்கள். கல்கத்தாவிலிருந்தும் ஆட்கள் போனார்கள். இருந்தாலும் பெரும்பாலோர் தமிழர்கள்.

ஒப்பந்தம் ஐந்து வருடம். சம்பளம் ஆணுக்கு மாதம் 12.50 பிராங்க், பெண்ணுக்கு 10. வருடத்துக்கு 150 பிராங்க். முதலாளிக்கு ஒரு அடிமைக்காகக் கிடைத்த நஷ்ட ஈட்டுத் தொகையைச் சம்பாதிக்க, காரைக்கால் ஆள் ஒரு காசு செலவழிக்காமல் மூன்று வருடத்துக்கு மேல் கரும்பு வெட்ட வேண்டும். நோய் வந்த நாள், வேலைக்கு வராத நாள் எல்லாம் போக மிச்சம் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். ஒப்பந்தம் முடிந்தால் இலவசமாக ஊர் திரும்பலாம் என்பது நிபந்தனை. ஏராளமானவர்கள் அதற்குள் இறந்துபோனார்கள். பலர் மறு ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்டார்கள். நடத்தப்பட்ட விதம் பற்றிய புகார்கள் பெருகியதால் 1888-ல் பிரிட்டிஷ் இந்திய அரசே ஆள் அனுப்புவதை நிறுத்தியது.

கபெஸ்தேர்

கொலம்பஸ் இறங்கிய அதே கிழக்குக் கரையில் இருக்கிறது கபெஸ்தேர்-பெல்-ஓ. ஒரு பக்கம் வாழைத் தோட்டம், இன்னொரு பக்கம் அரச பனை வரிசையிட்ட சாலை. அதற்கருகில் சாங்கி என்ற இடத்தில், நெடுஞ்சாலையோரம் வண்ண வண்ணச் சுதைச் சிற்பங்களோடு ஒரு கோயில். என் மனைவி காரை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாள்.

அங்கே மாரியம்மன் 'மாலியெமேன்'. மதுரை வீரன் 'மால்தெவிலேன்'. பலி உண்டு. பறைக்குத் 'தப்பு' என்றே பெயர். எல்லாவற்றையும்விட எங்களை அசர வைத்தது 'நாகுமிலா'. கடலில் கப்பலைக் காத்தவர் என்று அவருக்குப் பூஜை செய்கிறார்கள், கொடி ஏற்றுகிறார்கள். நாகூர் மீரான்தான், ஆமாம், நம் நாகூர் ஆண்டவர்! காரைக்காலில் கப்பலேறியவன், மதம் பார்க்காமல் பக்கத்து ஊர் தர்காவில் வேண்டிக்கொண்டு ஏறியிருக்கிறான். பேரன் அந்த நேர்த்திக்கடனை இன்றும் செலுத்துகிறான்.

சந்தையில் பாகற்காயைக் காட்டி விலை கேட்டேன். விற்ற அம்மா 'பரோக்கா' என்றார். வேப்பிலை அங்கே 'வெப்பெலே'. 'கொலோம்போ' என்று ஒரு ஆட்டுக்கறிச் சமையல், இன்று தீவு முழுக்க எல்லா இனத்தவரும் சமைப்பது. நம் குழம்புதான் அப்படி ஆனது என்று பலரும் சொல்கிறார்கள். பெண்கள் விழாவுக்குத் தலையில் கட்டும் கட்டம் போட்ட துணிக்கு 'மத்ராஸ்' என்றே பெயர். அது ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு முன்பே வியாபாரிகள் மூலம் போய்விட்டது.

ஆனால் பேச்சு? கிரெயோலும் பிரெஞ்சும்தான். கோயிலில் இருந்த பெரியவர் தமிழில் நீளமாக ஒரு பாட்டுப் பாடினார், வார்த்தை வார்த்தையாக. மச்சினர் பிரெஞ்சில் பொருள் கேட்டபோது, "தெரியாது, அப்பா இப்படித்தான் பாடுவார்" என்றார். தோட்டம் தோட்டமாகப் பிரித்து வைத்தார்கள், தமிழ்ப் பள்ளி இல்லை, ஞானஸ்நானம் வாங்கினால்தான் சமூகத்தில் மதிப்பு. மொழி எப்படி நிற்கும்? எங்கள் மகள் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் வளர்கிறவள், பாட்டியோடு தமிழ் பேசுவாள், படிக்க வராது. அந்தப் பாட்டை அவள் தன் கைபேசியில் பதிவு செய்துகொண்டாள். ஊருக்கு வந்ததும் பாட்டிக்குப் போட்டுக் காட்டி, புரிந்த வரிகளுக்குப் பொருள் கேட்டு எழுதி வைத்திருக்கிறாள். எழுதியது ஆங்கில எழுத்தில்தான்.

சிதம்பரம் நடத்திய வழக்கு

கபெஸ்தேரில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பெயர் ஹென்றி சிதம்பரம். ஒப்பந்தத் தொழிலாளர் தம்பதிக்கு 1863-ல் அங்கே பிறந்தவர். இந்தியர்களின் பிள்ளைகள் அந்தத் தீவிலேயே பிறந்திருந்தாலும் பிரெஞ்சுக் குடிமக்கள் அல்ல, வாக்காளர் பட்டியலில் சேர்க்கக்கூடாது என்று 1904-ல் நிர்வாகம் ஆட்சேபித்தது. சிதம்பரம் வழக்குக்குப் போனார். இழுத்துக்கொண்டே போய் 1923-ல்தான் முடிவு வந்தது. குடியுரிமையும் ஓட்டும் கிடைத்தன. பத்தொன்பது வருடம்! அந்தக் கதையை அவரே புத்தகமாகவும் எழுதினார். 1952-ல் காலமானார். அவர் போராடியிருக்காவிட்டால், எர்னெஸ்ட் முத்துசாமி 1981 முதல் 2002 வரை குவாதலூப்பின் சார்பில் பாரிஸ் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருக்க முடியுமா என்று யோசித்துக்கொண்டேன்.

வெளிமாநிலத்தில் ரேஷன் கார்டுக்கும் வாக்காளர் அட்டைக்கும் அலைந்தவர்களுக்கு இந்த மனிதரின் பிடிவாதம் நன்றாகவே புரியும்.

போகிறவர்களுக்கு

டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை குறைவு. புயல் காலம் ஜூன் முதல் நவம்பர் வரை. புவாந்த்-ஆ-பீத்ரில் பழைய தார்பூசியே சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் 2015-ல் திறந்த 'மெமோரியல் ஆக்ட்' என்ற அடிமை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். துறைமுகத்தருகே ஓரேலி வந்த 150-ஆம் வருடத்தை ஒட்டி 2004-ல் வைத்த நினைவுச்சின்னம் இருக்கிறது, தேடிப் பாருங்கள். ஆங்கிலம் அதிகம் செல்லாது. கிரிக்கெட் பேச்சு சுத்தமாகச் செல்லாது.

ஒரு வேண்டுகோள். காரைக்கால், நாகூர், தரங்கம்பாடி, பாண்டிச்சேரி, கடலூர் பக்கத்துக் குடும்பங்களில், கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் தம்பி யாராவது 'கப்பலேறிப் போனான், திரும்பவில்லை' என்று பேச்சு உண்டா? ரீயூனியன், மொரீஷியஸ் என்று ஊர் பெயர் ஏதாவது நினைவிருக்கிறதா? வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். மச்சினர் அங்கே இருக்கும் இரண்டு மூன்று குடும்பங்களோடு தொடர்பில் இருக்கிறார். அவர்களும் இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.