அம்மைத் தழும்பு முதல் லேசர் வரை: முகத்து வடுவின் கதை

உங்க பள்ளிக்கூட டி.சி.யை எடுத்துப் பாருங்க. அதுல 'அங்க அடையாளங்கள்'னு ஒரு இடம் இருக்கும். நமக்கெல்லாம் அந்த இடத்தை நிரப்ப மச்சம் தேடியிருப்பாங்க. நம்ம பாட்டி, பூட்டி காலத்துல பல பேருக்கு அந்தத் தேடலே வேண்டியதில்ல. முகத்துலயே எழுதியிருந்தது: அம்மைத் தழும்பு.

இன்னைக்கு முகத்துப் பள்ளத்தைச் சரிபண்ண லேசர் கிளினிக் விளம்பரம் உங்க போன்ல தினமும் வருது. அந்த லேசருக்குப் பின்னால ஒரு வரலாறு இருக்கு. அதுல ஒரு இந்தியர் இருக்கார். நம்ம தோல் நிறத்தைப் பத்தின ஒரு பெரிய மறதியும் இருக்கு.

முத்து போட்ட முகம்

தென்காசி, ஆய்க்குடி, குற்றாலம் பக்கம் அம்மன் கோயில் இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்கணும். இந்த ஊர்கள்ல பெரியம்மையை யாரும் நோய்னு சொன்னதில்ல. 'அம்மா வந்திருக்கா', 'முத்து போட்டிருக்கு'ன்னுதான் பேச்சு. முத்துமாரின்னு பேர் வைக்கிறோமே, அந்த முத்து உடம்புல எழுந்த கொப்புளம்தான். வாசல்ல வேப்பிலை கட்டுவாங்க. தாளிக்க மாட்டாங்க. வெளி ஆளை உள்ளே விட மாட்டாங்க. முத்து இறங்கினதும் வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தலைக்குத் தண்ணி ஊத்துவாங்க.

பெரியம்மை வந்தவங்கள்ல ஏறக்குறைய பத்துக்கு மூணு பேர் செத்தாங்க. பிழைச்சவங்க முகத்துல பள்ளம் பள்ளமா வடு நின்னது. கொப்புளம் தோலின் ஆழத்துல இருக்கிற எண்ணெய்ச் சுரப்பிகளை அழிச்சிடும். முகத்துல அந்தச் சுரப்பி அதிகம். அதனாலதான் உடம்பை விட முகத்துல தழும்பு ஆழமா விழுந்தது. அந்த வடுவைப் போக்க வழியே இல்ல. 'அம்மா போட்ட கோலம்'னு ஏத்துக்கிறவங்க இருந்தாங்க. ஆனா பொண்ணு பார்க்க வந்தவங்க அதே முகத்தைப் பார்த்துட்டு எழுந்து போனதும் உண்டு. கும்பிட்டதும் அதே ஊர், தள்ளி வச்சதும் அதே ஊர்.

தழும்பைத் தடுத்த தழும்பு

1796-ல எட்வர்ட் ஜென்னர் இங்கிலாந்துல தடுப்பூசியைக் கண்டுபிடிச்சார். 1802 ஜூன் 14-ஆம் தேதி பம்பாய்ல மூணு வயசுக் குழந்தை ஒண்ணுக்கு அதைப் போட்டாங்க. இந்தியாவுல அதுதான் முதல். கொஞ்ச நாள்ல சென்னைக்கும் வந்தது. 'அம்மை குத்துறது'ன்னு மக்கள் அதுக்குப் பேர் வச்சாங்க. 1899-ல கிண்டியில தொடங்கின கிங் நிறுவனத்தோட ஆரம்ப வேலையே இந்தத் தடுப்பு மருந்தைத் தயாரிக்கிறதுதான்.

1962-ல தேசிய ஒழிப்புத் திட்டம் வந்தது. 1975 மே மாதம் இந்தியாவுல கடைசி நோயாளி பதிவானார். 1980-ல உலகமே பெரியம்மையிலிருந்து விடுபட்டதா உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சது. உங்க தாத்தா பாட்டி கைல வட்டமா ஒரு பெரிய தழும்பு இருந்தா தொட்டுப் பாருங்க. முகத்துல வடு விழாம இருக்கக் கையில வாங்கிக்கிட்ட வடு அது.

அப்புறம் முகத்துல மிச்சமிருந்த பள்ளம் பெரும்பாலும் பருவோடது.

தோலைச் சீவுறது

வடுவை எடுக்கணும்னா மேல்தோலைச் சீவி, புதுத்தோல் வளர விடணும். அடிப்படை யோசனை இவ்வளவுதான். 1905-ல ஜெர்மனியில எர்ன்ஸ்ட் குரோமயர் மோட்டாரில் சுழலும் அரத்தால இதைச் செஞ்சார். 1953-ல நியூயார்க்ல ஆப்னர் குர்ட்டின் சுழலும் கம்பித் தூரிகையைக் கொண்டுவந்தார். இதுக்குப் பேர் டெர்மாப்ரேஷன். ரத்தம் தெறிக்கும். எவ்வளவு ஆழம் போகுதுங்கிறது மருத்துவர் கையோட நிதானத்தைப் பொறுத்தது.

1960-ல அமெரிக்காவுல தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிர வச்சார். நம்ம கதைக்குத் தேவையான லேசர் வந்தது 1964-ல. அதைக் கண்டுபிடிச்சவர் மகாராஷ்டிரத்துப் பாராமதியில பிறந்து, புனேயில பொறியியல் படிச்சு, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்துல வேலை பார்த்த சி. குமார் படேல். அவர் செஞ்சது கார்பன் டை ஆக்சைடு லேசர். கல்யாணப் பத்திரிகையில பூ வேலைப்பாடு நுணுக்கமா வெட்டியிருக்கே, அந்த லேசர் கட்டிங்கும் இதே வகைதான்.

தோலுக்கு இது எப்படிப் பொருந்துச்சு? இதோட ஒளியைத் தண்ணீர் சட்டுனு உறிஞ்சிக்கும். தோல்ல பெரும்பகுதி தண்ணீர். ஒளி பட்ட இடம் ஆவியாப் போயிடும். அடியில இருக்கிற கொலாஜன் அந்தச் சூட்டுல சுருங்கி, பிறகு புதுசா உருவாகும். சிக்கல் என்னன்னா, ஒளி ஒரே இடத்துல நின்னா சூடு பக்கத்துக்கும் பரவி வெந்துபோகும். 1983-ல ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் ஒரு வழி சொன்னாங்க: சூடு பரவுற நேரத்தை விடக் குறைவான நேரத்துக்கு மட்டும் ஒளியை அடிங்க. 1990-கள்ல அப்படி நொடியில ஆயிரத்துல ஒரு பங்குக்கும் குறைவா ஒளி அடிக்கிற கருவிகள் வந்தன. முகத்தை லேசரால புதுப்பிக்கிறது அப்போதான் பெரிய வியாபாரமாச்சு.

யாரோட தோல்?

இங்கேதான் நாம கவனிக்க வேண்டியது இருக்கு. 1975-ல ஹார்வர்டின் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் தோல் வகைகளுக்கு ஒரு அளவுகோல் போட்டார். சொரியாசிஸ் நோயாளிகளுக்கு ஒளி சிகிச்சையில எவ்வளவு ஒளி கொடுக்கலாம்னு முடிவு பண்ண அது தேவைப்பட்டது. வெயில்ல நின்னா தோல் சிவந்து எரியுமா, கருக்குமா? இதுதான் கேள்வி. முதல்ல இருந்தது 4 வகை, எல்லாம் வெள்ளைத் தோல். பழுப்புக்கு 5, கறுப்புக்கு 6 பின்னாலதான் சேர்ந்தது. நம்மள்ல பெரும்பாலோர் 4-க்கும் 6-க்கும் நடுவுல வருவோம். அதாவது அந்தப் பட்டியலோட கடைசியில.

லேசரும் அதே பாதையில வந்தது. வெள்ளைத் தோலுக்கு அளவு பார்த்துத்தான் முதல் அனுபவமெல்லாம் சேர்ந்தது. நம்ம தோல்ல மெலனின் செய்யுற செல்கள் சுறுசுறுப்பானவை. ஒரு கொசுக்கடி ஆறினாலே கறுப்பா நிக்குதே, அதேதான். முகம் முழுக்க ஒரு அடுக்கைச் சீவினா, புண் ஆறின பிறகு கருமை படர்ந்து மாசக்கணக்குல நிக்கும். சிலருக்கு நிறமே போய் வெளுத்துடும். பள்ளத்தைச் சரிபண்ணப் போய் புதுக்கறையோட திரும்புற நிலை.

2004-ல ஆண்டர்சனும் டீட்டர் மான்ஸ்டைனும் சேர்ந்த குழு வேற வழி காட்டினது. முகத்தை முழுசாச் சீவாம, கண்ணுக்குத் தெரியாத புள்ளி புள்ளியா ஒளியை இறக்குறது. நடுவுல விட்ட நல்ல தோல் சீக்கிரம் ஆற உதவும். இதுக்குப் பேர் ஃபிராக்ஷனல். சில வருஷத்துல கார்பன் டை ஆக்சைடு லேசரும் இந்த முறைக்கு வந்தது. இன்னைக்கு நம்ம ஊர் கிளினிக்ல பெரும்பாலும் செய்யுறது இதுதான். கருமை படர்ற ஆபத்து குறைஞ்சிருக்கு, போயிடல. அதனால நம்ம நிறத்துக்குப் புள்ளிகளை நெருக்கமா வைக்காம, இடைவெளி விட்டுப் பல தடவையாச் செய்யணும்.

லேசர் மட்டுமே வழியும் இல்ல. ஊசி குத்தின மாதிரி ஆழமான குழிக்கு அதுக்குள்ள மட்டும் அமிலத்தைத் தொட்டு வைக்கிற முறையை 2002-ல தென் கொரிய மருத்துவர்கள் வெளியிட்டாங்க. அடியில இழுத்துப் பிடிச்சிருக்கிற பள்ளத்துக்கு ஊசியால அந்த நாரை அறுத்து விடுறாங்க. நுண்ணூசி உருளையில கருமை ஆபத்து இன்னும் குறைவு. எந்தக் குழிக்கு எதுன்னு தோல் மருத்துவர் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

படுக்கிறதுக்கு முன்னாடி

ஆய்க்குடியில இருந்து ஒரு பொண்ணு கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி லேசர் பண்ணப் போறான்னு வைங்க. அந்த நேரம் போதாது. சிவப்பு அடங்கணும், கருமை படர்ந்தா அதுவும் மங்கணும். மாசக்கணக்கு வேணும். சாரல் சீசன்தானே, வெயிலே இல்லையேன்னும் நினைக்கக் கூடாது. மேகத்தைத் தாண்டி புற ஊதாக் கதிர் வரும். சன்ஸ்கிரீன் கட்டாயம்.

பண்றவர் யாருன்னும் கேளுங்க. பயிலரங்கத்துலயோ யூடியூப்லயோ பார்த்துக் கத்துக்கிட்டது அழகியல் சிகிச்சை செய்யப் போதாதுன்னு 2022-ல தேசிய மருத்துவ ஆணையமே சொல்லியிருக்கு. 'என்னை மாதிரி நிறத்துல இருக்கிறவங்களுக்குச் செஞ்ச படம் காட்டுங்க'ன்னு கேட்கிறதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல. காட்டுற படமெல்லாம் வெள்ளைத் தோலா இருந்தா எழுந்து வந்துடுங்க.

நம்ம பூட்டிக்குத் தேர்வே இல்ல, முத்து போட்ட முகத்தோடயே வாழ்ந்தாங்க. நமக்குத் தேர்வு இருக்கு. அப்படியே விட்டுடுறதும் அதுல ஒண்ணு. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.