ஜாடியோடு போன பிள்ளைகள்

விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்தில் அப்பாவுக்கு பீர் வாங்கி வருவது பிள்ளைகள் வேலை. ஜாடியை நீட்டினால் மதுக்கடையில் நிரப்பிக் கொடுப்பார்கள். நாளைக்கும் இங்கேயே வரட்டும் என்று சில கடைக்காரர்கள் மிட்டாயும் கொடுத்தனுப்புவார்கள். திரும்பும் வழியில் பிள்ளை ஜாடியில் வாய் வைத்தால் பார்க்க ஆளில்லை. ஆரம்பப் பள்ளி ஆசிரியையாகவே வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு, அந்த மிட்டாயை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

1847-ல் லீட்ஸ் நகரத்தில் இதற்கு எதிராக ஒரு முயற்சி தொடங்கியது. கம்பளி ஆலைகள் நிறைந்த ஊர் அது. 1844-ம் வருடத்துச் சட்டப்படி எட்டு வயதுப் பிள்ளையும் அரைநாள் ஆலையில், அரைநாள் பள்ளியில். அங்கே வந்தார் ஆன் ஜேன் கார்லைல் என்ற அயர்லாந்து மூதாட்டி. வயது எழுபதைத் தாண்டியிருந்தது, பாதிரியாரின் விதவை. சிறைகளுக்குப் போய்ப் பெண் கைதிகளைப் பார்த்துப் பேசிப் பழகியவர். குடித்துக் கெட்ட பிறகு திருத்துவதைவிடக் குடிக்கத் தொடங்கும் முன்பே பிடிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அந்த ஊர் பாப்டிஸ்ட் போதகர் ஜாபெஸ் டனிக்ளிஃப் கைகொடுக்க, 'பேண்ட் ஆஃப் ஹோப்' என்ற சிறுவர் சங்கம் பிறந்தது. மது தொடமாட்டேன் என்று உறுதிமொழி எடுத்தால் பிள்ளை அதில் உறுப்பினர்.

வரலாற்று நூல்கள் அந்த உறுதிமொழியைத்தான் பெரிதாகப் பேசுகின்றன. எனக்கு அதில் பெரிய மதிப்பில்லை. ஏழு வயதுப் பிள்ளை எதற்கும் உறுதி சொல்லும். நாளைக்கே வீட்டுப்பாடம் முடிப்பேன் என்றும் சொல்லும். விஷயம் வாராந்தர மாலைக் கூட்டத்தில் இருந்தது. பாட்டு, ஒப்புவித்தல், பரிசுப் புத்தகம், வண்ணக் கொடியோடு ஊர்வலம். பிற்பாடு மாய விளக்குப் படக்காட்சியும் சேர்ந்தது. முட்டை வெள்ளைக்கருவில் சாராயத்தை ஊற்றி, அது திரிவதைக் காட்டிப் பாடம் நடத்துவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, போன வாரம் நீ ஏன் வரவில்லை என்று பெயர் சொல்லிக் கேட்க ஒரு பெரியவர் அங்கே இருந்தார். வீட்டில் அப்பா போதையில் கிடக்கும் பிள்ளைக்கு அந்தக் கேள்விதான் மருந்து.

1855-ல் லண்டனில் இதற்கு ஒரு தலைமைச் சங்கம் அமைந்தது. நூற்றாண்டு முடிவதற்குள் உறுப்பினர் எண்ணிக்கை முப்பது லட்சத்தை எட்டிவிட்டது. சட்டமும் மெதுவாகப் பின்னால் வந்தது. கடைக்குள் உட்கார்ந்து குடிக்க 13 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்கக் கூடாது என்றது 1886-ம் வருடச் சட்டம். 14 வயதுக்குட்பட்டவர் கையில் மூடி முத்திரையிட்ட பாத்திரத்தில் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று 1901-ல் வந்தது; வழியில் வாய் வைப்பதைத் தடுக்கத்தான் அது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மது கொடுப்பதே குற்றம் என்று 1908-ல்தான் எழுதினார்கள். அதுவரை எழுத யாருக்கும் தோன்றவில்லை போலும்!

பேண்ட் ஆஃப் ஹோப்பில் குறையும் உண்டு. பதினைந்து, பதினாறு வயதில் பையன்கள் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள். குடி கைக்கு எட்டும் வயதும் அதுதான்.

அந்த வயதைப் பிடித்துக் காட்டியது ஐஸ்லாந்து. 15, 16 வயதினரில் முந்தைய ஒரு மாதத்துக்குள் போதையேறக் குடித்தவர்கள் 1998-ல் 42 சதவீதம். 2016-ல் 5 சதவீதம். நடுவில் நடந்தது பிரசங்கம் அல்ல. மாலை நேரத்துக்கு விளையாட்டு, இசை, நடன வகுப்புகள். கட்டணத்துக்கு நகராட்சி உதவி. பிள்ளைகளோடு நேரம் செலவிடப் பெற்றோருக்குத் தூண்டுதல். இரவில் சிறுவர்கள் வெளியே சுற்றத் தடை.

நம் பள்ளிகளில் பிரார்த்தனைக் கூட்டத்தில் போதை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கிறோம். புகைப்படமும் எடுக்கிறோம். லீட்ஸிலிருந்து உறுதிமொழியை எடுத்துக்கொண்டு மாலைக் கூட்டத்தை விட்டுவிட்டோம். ஆளில்லை என்று சொல்ல முடியாது. 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துக்கு ஊர் ஊராகத் தன்னார்வலர்கள் வந்து மாலையில் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். தலைமையாசிரியர்களே, மணி அடித்ததும் பள்ளி வாசலைப் பூட்டாதீர்கள். வாரம் ஒரு மாலையாவது திறந்து வையுங்கள். வராத பிள்ளையை மறுவாரம் பெயர் சொல்லிக் கேளுங்கள்.